நான்கு பக்க மரணம்

காலைக் காபிக்குப் பிறகு இரண்டு மணி நேரம் எழுதாவிட்டால் அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது, மேஜர் ஐயா. அல்ஜீரியாவின் தென்கோடியில் இந்தக் கோட்டைக்குக் கேப்டனாக இருந்துகொண்டே ஆறு சாகச நாவல்கள் எழுதியிருக்கிறேன். விசாரணைக்கு வந்த நீங்களே ஒன்று படித்திருப்பதாகச் சொன்னீர்கள். சந்தோஷம்.

ஏழாவதின் கடைசி அத்தியாயத்தைச் சிப்பாய்களுக்கு வாசித்துக் காட்டினேன். கதாநாயகன் பாலைவனத்தில் தாகத்தால் சாகிறான். சாகும்போது பிரான்ஸைப் பற்றி நான்கு பக்கம் பேசுகிறான். நான்கு பக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அப்போதுதான் சார்ஜென்ட் கோர்வோல் வாயைத் திறந்தான்.

"கேப்டன், உங்க ஆளு செத்து முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு நாக்கு வறண்டுடும் போலிருக்குங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தாகத்துல சாகிறவன் பேச மாட்டானுங்க. அம்மான்னுகூட வாயில வராது."

"நீ பாத்திருக்கியா?"

"பாத்ததில்லீங்க. இதுகூடவா தெரியாது?"

எழுத்து வாசனையே இல்லாத ஒருவன் வெறும் ஊகத்தில் என்னைத் திருத்துகிறான். எனக்குப் பொறுக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே எங்கள் வழிகாட்டி பெல்காசிம், தாரெஃப் கிணறு வற்றிவிட்டதாகச் செய்தி கொண்டுவந்தான். அப்படிச் செய்தி கொண்டுவருகிறவன், தன் வாயில் தண்ணீர் படுமுன் அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாலைவனத்து மக்களின் வழக்கம் அது. அவன் முதலில் என்னிடம் வந்தான்.

"முதல்ல தண்ணியக் குடி. வீட்ல பிரசவம்னியே, கிளம்பு. எல்லார்கிட்டயும் நான் சொல்லிக்கிறேன்."

"மறந்துடாதீங்க, கேப்டன். சொல்லாம விட்டா அது கொலைங்க."

"நல்லாருக்கே. நான் மறப்பேனா?"

மறக்கவில்லை. மறுநாளே கோர்வோலை அடுத்த கோட்டைக்குக் கடிதம் கொண்டுபோகச் சொன்னேன். ஜூலை மாதம், குதிரையில் நான்கு நாள் வழி, நடுவில் அந்த ஒரு கிணறுதான்.

"தாரெஃப்ல தண்ணி இருக்குமில்ல, கேப்டன்?" என்று சேணத்தை இறுக்கிக்கொண்டே கேட்டான்.

"என்னைக்கு இல்லாம இருந்திருக்கு?" என்றேன். இதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

மான் வேட்டை என்று சொல்லிவிட்டு, இரண்டு ஒட்டகங்களில் ஆறு தோல்பை தண்ணீரோடு நானும் பின்னாலேயே போனேன். கொல்ல நினைக்கிறவன் ஆறு பை தண்ணீரைச் சுமந்துகொண்டு போவானா, நீங்களே சொல்லுங்கள்.

கிணற்றுக்கு எதிரே மணல்மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தேன். முதல் நாள் வெறுங்கையால் தோண்டினான். மறுநாள் குதிரை விழுந்தது. அதன் நிழலில் படுத்துக்கொண்டான். நீங்கள் கைப்பற்றிய நோட்டில் எல்லாம் மணிவாரியாக இருக்கிறது. என் கையெழுத்துதான். மூன்றாம் நாள் மதியம் என்னைப் பார்த்துவிட்டான். தலையைத் தூக்கி வெகுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது. பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை. நாலரை மணிக்கு அசைவும் நின்றது.

அவன் சொன்னதுதான் சரி. நான்கு பக்கத்தையும் அடித்துவிட்டேன். அத்தியாயம் இப்போது பிரமாதமாக வந்திருக்கிறது. முன்னுரையில் பெயரைப் போட்டு அவனுக்கு நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

ஏன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தோல்பையின் கட்டை அவிழ்த்துக் கையிலேயே வைத்திருந்தேன், ஐயா. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பேன். திமிர் பிடித்தவன், கடைசிவரை கூப்பிடவே இல்லை.