வலப்பக்கம் உட்கார்ந்து பார்த்த சக்கரம்

என் பெயரும் விலாசமும் மேலே சரியாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் தெருவில் மோட்டார் மாமா என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. பேட்டரி வண்டிகள் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் சரக்கு வண்டி டிரைவர் என் மனைவியின் தம்பி.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அவன் வண்டிக்குப் புது கண்ட்ரோலர் மாட்டினேன். மோட்டார் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்று சொல்லும் பெட்டி அது. புதிதாக மாட்டினால் மோட்டாரோடு அதைப் பழக்க வேண்டும். அதற்காகப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி இரண்டு சின்ன ஒயர்களைச் சேர்த்ததும் சக்கரம் தானாகச் சுற்றியது. முன்னோக்கிச் சுற்றினால் அப்படியே பிரித்துவிடலாம். பின்னோக்கிச் சுற்றினால் பிரித்து மறுபடி சேர்க்க, திசை மாறும். நான் எப்போதும் வண்டிக்கு இடப்பக்கம்தான் உட்காருவேன். அங்கிருந்து பார்க்க, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால் சரி என்பது என் கணக்கு. நேற்று வலப்பக்கம் உட்கார்ந்தேன். பக்கத்துக் கடைத் தையல்காரர் அந்தப் பக்கம் நின்றார்; என் மச்சினனுக்கு வண்டி ஓட்ட வராது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சுவாரசியமாகத்தான் சொன்னேன். சரியாகச் சுற்றிய சக்கரத்தைப் பழைய கணக்கிலேயே தப்பு என்று நினைத்து மாற்றிவிட்டேன். ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

அதன் பின் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்ச்சாரியில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். அவன் வந்து ஏறினான். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் பாய்ந்து, கடை முகப்பு நொறுங்கி, கடைக்காரர் காலில் எட்டுத் தையல். அவன் குடித்திருப்பதாகக் கூட்டம் சொன்னது. அவன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்களாவது நம்புங்க. முன்னால போற சுவிட்சைத்தான் போட்டேன்" என்றான். "அதை ஸ்டேஷன்ல சொல்லிக்கோடா" என்றேன்.

அதன் பின் வீட்டுக்குப் போனேன். மனைவி எனக்குச் சாப்பாட்டை வைத்துவிட்டுத் தன் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே இல்லை.

இன்று காலை, அவன் லைசென்ஸை ரத்து செய்யப்போவதாகக் கேள்விப்பட்டு இங்கே வந்தேன். காவலரிடம் கேட்டுக்கொண்டு, வாசலில் நிற்கும் அந்த வண்டியின் சக்கரத்தைத் தூக்கி, முன்னே போகும் சுவிட்சைப் போட்டேன். பின்னே சுற்றியது. காவலர் போனில் பேசிக்கொண்டு தள்ளிப் போயிருந்தார். ஒயரைச் சேர்த்துப் பிரித்துத் திசையைச் சரியாக்க அரை நிமிடம் போதும், என் தவறு ஒருவருக்கும் தெரியாது. என் கை ஒயர் வரைக்கும் போனது. போனது என்றே எழுதிக்கொள்ளவும். பிறகு வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தேன். யாரும் சோதித்துப் பார்க்கலாம்.

அவன்மேல் குற்றம் இல்லை, தவறு என்னுடையது. இதை அவனுக்கு நீங்களே படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்; எனக்கு வாய் வரவில்லை.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே உள்ளது என்று ஒப்புக்கொள்கிறேன்.

(கையெழுத்து)