கிட்போரின் கிதாருக்குள் இருப்பது

மூப்பரே, போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் குவாய்ப் பாக்கு மென்றுகொண்டு நின்றபோது ஒன்று கேட்டீர்கள். அந்தப் பழைய சிவப்புக் கிதாருக்குள் என்ன பிக்கப் இருக்கிறது, இவ்வளவு உருக்கமாகப் பேசுகிறதே என்று. அப்புறம் சொல்கிறேன் என்றேன். வாயால் சொன்னால் பாதியில் யாராவது வந்து நலம் விசாரிப்பார்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

மலிவு விலைப் பழைய கிதாரில் பிக்கப்பை அடையாளம் காண்பது கருவாடு வாங்குகிற மாதிரிதான். மேலே அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது, கையை உள்ளே விட வேண்டும். கிதாரின் தலையில் கம்பெனிப் பெயர் இருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை, பெயர் இல்லையென்றால் வருத்தப்படவும் வேண்டியதில்லை. திருகாணிகளைக் கழற்றுங்கள். கம்பிகளுக்குக் கீழே பளபளவென்று உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டியை மெல்லத் தூக்கித் திருப்புங்கள். உள்ளே சுற்றிய செப்புச் சுருளும் ஒரு காந்தமும், கம்பியின் அதிர்வைப் பிடித்துச் சத்தமாக்கி அனுப்புகிற பிக்கப் அவ்வளவுதான். காந்தம் கட்டியா, வளையும் பட்டையா? அடித்தகட்டில் பென்சிலால் எண் ஏதும் எழுதியிருக்கிறதா? வெளியே வரும் கம்பிக்குத் துணி உறையா, பிளாஸ்டிக்கா? கடைசியாக மீட்டரை வைத்துச் சுருளின் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். இதெல்லாம் ஒத்துவந்தால்தான் வாயைத் திறக்கலாம்.

வாயைத் திறப்பதில் நான் கொஞ்சம் கஞ்சன். இயூதூ சந்தையில் அம்மாவின் கருவாட்டுக் கடையில் வளர்ந்தவன். அம்மா ஒருநாளும் வாடிக்கைக்காரரிடம் பொய் சொன்னதில்லை. கேட்காத கேள்விக்குப் பதிலும் சொன்னதில்லை. விற்கிறவனுக்குத் தன் சரக்கின் மதிப்புத் தெரியவில்லையென்றால் அது வாங்குகிறவன் குற்றமில்லை என்பது அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி. லைதும்க்ராவில் பழுதுபார்க்கும் கடை போட்ட பிறகும் அந்த வழியில்தான் நடந்தேன்.

கிட்போரை உங்களுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில், வலது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்காருகிறவன். எண்பத்து மூன்றில் நீங்கள் அவன் வாசித்துக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் நால்வர் சேர்ந்து கல்யாணம், கிறிஸ்துமஸ், கால்பந்து சங்கத்து விருந்து என்று வாசித்துக்கொண்டிருந்தோம். அவன் முதல் கிதார், நான் இரண்டாவது. ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளர் வீட்டைக் காலி செய்தபோது கழித்துக்கட்டிய கிதார் அவனுடையது. தலையில் பெயர் இல்லை, உடம்பில் சாயம் உரிந்திருந்தது. அதிலிருந்து வந்த சத்தமோ அழுது முடித்த ஒருத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிற மாதிரி இருக்கும். பெண்கள் பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். நானும்தான், அவனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

அந்த வருஷ மழைக்காலத்தில், வயர் செருகுகிற இடம் ஆடுகிறது என்று கிதாரைக் கடையில் விட்டுவிட்டுப் போனான். திறந்தேன். திறந்தவன் அதிலிருந்த இரண்டு பிக்கப்பையும் தூக்கிப் பார்த்தேன், தொழில் பழக்கம். முகப்பில் தங்க நிறத் தகடு, அதனடியில் ரப்பர் போல வளையும் காந்தப் பட்டை, துணி சுற்றிய கம்பி, அடித்தகட்டில் நீலப் பென்சிலால் யாரோ எழுதிய எண். அறுபதுகளில் ஜப்பானில் செய்தது. அப்போது மலிவுச் சரக்குதான். ஆனால் அந்தக் குரல் அந்தச் சுருளுக்கு மட்டும்தான் வாய்த்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், சந்தேகமேயில்லை.

கிட்போருக்கு அதைப்பற்றி ஒன்றுமே தெரியாது. அவனைப் பொறுத்தவரை சத்தம் விரலில் இருந்தது. இந்த ஊரில் வாசிக்கிற எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். கௌஹாத்தியிலிருந்து ஒருத்தன் விலையுயர்ந்த கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, “பொட்டி நல்லாருக்கு பாஹ், விரல எப்ப கொண்டுவருவ?” என்று கேட்டு விரட்டியது நாங்கள்தான். தன்னிடம் இருப்பது என்னவென்று தெரியாதவனிடம் அது இருந்தது. தெரிந்தவன் நான். இரண்டு பிக்கப்பையும் எடுத்துவிட்டு, கல்கத்தாவில் சுற்றிய சாதாரணச் சுருள்களை அதே உறைக்குள் வைத்துப் பற்றவைத்தேன். மூடிய பிறகு எனக்கே வித்தியாசம் தெரியவில்லை, பார்வைக்கு.

எடுத்ததை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைத்தேன். ஒரு தடவைகூட எந்தக் கிதாரிலும் மாட்டிக் கேட்கவில்லை. திருட்டு என்றால் அனுபவிக்க வேண்டும் அல்லவா? நான் பத்திரப்படுத்தினேன், அவ்வளவுதான்.

அடுத்த ஒத்திகையில் அவன் நாலு சுரம் வாசித்தான், நிறுத்தினான். கிதாரைப் பார்க்கவில்லை, தன் வலது கை விரல்களைப் பார்த்தான். மறுபடி வாசித்தான். மழைக் குளிர், கை விறைத்திருக்கும் என்று நால்வரில் ஒருவன் சொல்ல, சமையலறைக்குப் போய்ப் பால் விடாத சூடான தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தான். “ரிஷோத், என் கைக்கு வரமாட்டேங்குதுடா. எதுக்கும் பொட்டிய ஒரு தடவ பாரேன்” என்றான். அவன் கண்ணெதிரே மீட்டரை வைத்து, சுருள் உயிரோடு இருக்கிறது, கணக்குச் சரியாக இருக்கிறது என்றேன். அந்தச் சுருளுக்கு அந்தக் கணக்குச் சரிதான். நான் பொய் சொல்லவில்லை.

அதன்பிறகு அவன் பொழுதெல்லாம் சாதகம் செய்தான். கம்பிகளை மாற்றினான். தன் அக்காவின் சாப்பாட்டுக் கடையில் ஜாதோ இறைச்சிச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மேசை விளிம்பில் விரலைத் தட்டிக்கொண்டே இருப்பான், சோறு ஆறிப்போகும். அக்கா கோங் ஃபிடாலியா, “மேசைக்குப் பசிக்காது, நீ தின்னு” என்று திட்டுவாள். நாலு மாசத்தில் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. அவ்வளவு வாசித்தால் யாருக்கும் வலிக்கும். எங்கள் குழுவில் முதல் கிதாரை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது வாசித்தாக வேண்டுமே.

கௌஹாத்தியில் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று சொன்னது நான்தான். நானே கூடவும் போனேன். நோங்போவில் பேருந்து நின்றபோது அன்னாசித் துண்டுக்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டே சொன்னான்: “கை சரியாயிட்டா உன்ன மறுபடி ரெண்டாவது கிதாருக்குத் தள்ளிடுவேன், பாத்துக்க. இந்த ஆறு மாசம் சும்மா வாடகைக்கு இருக்க.” இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் எனக்குக் கள்ளம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

வைத்தியர் இரண்டு மனமாக இருந்தார். ஓய்வு கொடுத்தாலே வலி போய்விடும், கத்தி வைப்பது கடைசி வழி என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, கூட வாசிக்கிறவர் என்கிறீர்களே, உண்மையிலேயே இவர் வாசிப்புக் கெட்டுவிட்டதா, இல்லை இவருடைய பிரமையா என்று கேட்டார். கிட்போர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கக் கூடிய ஒரு வாக்கியம் இருந்தது. வைத்தியர் அதைக் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்: முன்னே மாதிரி இல்லை, கெட்டுவிட்டது.

கத்தி வைத்தார்கள், மணிக்கட்டில் சின்னக் கீறல்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு விரல்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை. நரம்பு என்றார்கள், நாளாகும் என்றார்கள். பதினைந்து வருஷம் ஆகிறது. அக்கா கடையில் இடது கையால் தேநீர் ஊற்றுகிறான். சிந்தாமல் ஊற்றுகிறான், அதைச் சொல்ல வேண்டும்.

போன குளிர்காலத்தில் கிட்போரும் அக்காவும் என் கடைக்கு வந்தார்கள், கிதாரைத் துணியில் சுற்றிக்கொண்டு. அக்கா கடைக்குச் சாப்பிட வந்த யாரோ கிட்போரிடம், பழைய கிதார்களில் பிக்கப்பை மாற்றிவிடுகிறவர்கள் உண்டு, சத்தம் போனால் அதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை என்றாள் கோங். அவன் என் எதிரே உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் மேசையில் கோடு இழுத்துக்கொண்டே பேசினான்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்டா. பொட்டில போச்சா, கையில போச்சா? இத மட்டும் தெரிஞ்சிக்கிட்டா நிம்மதியா படுப்பேன். உனக்குத் தெரியாதது இல்ல. தொறந்து சொல்லு.”

திறந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய என் கைவேலை என்னைப் பார்த்தது. கிட்போர் உள்ளே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். கோங் ஃபிடாலியா குனிந்து பார்த்தாள். இறைச்சி வாங்கிப் பழகிய கண்.

“மத்த வயரெல்லாம் துணி சுத்தினதா கறுத்துக் கெடக்கு. இது ரெண்டு மட்டும் ஏன் பிளாஸ்டிக்கு?”

சந்தையில் அம்மாவிடம்கூட யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. பழைய வயர் மக்கும் அல்லவா, நான்தான் மாற்றிப் பற்றவைத்தேன் என்றேன்.

“பிக்கப்பு?” என்றான் கிட்போர்.

“அதேதான். ஜப்பான்காரன் வச்சது. யாரும் தொடல.”

மூப்பரே, இதுதான் என் வாழ்க்கையில் இந்த விஷயமாக நான் சொன்ன ஒரே பொய். ஏன் சொன்னேன் என்று உங்களுக்குப் புரியும். நல்ல கையைக் கொண்டுபோய் வெட்டக் கொடுத்தோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் எப்படித் தாங்குவான்? பெட்டியில்தான் போச்சு என்று சொல்லியிருந்தால் அவன் மீதி நாட்களை எதைக்கொண்டு கழிப்பான்? நான் அவனுடைய நண்பன்.

கிட்போர் மேசையில் கோடு இழுப்பதை நிறுத்தினான். பிறகு அக்காவிடம், “நாந்தான் சொன்னேன்ல கோங். பாவம், இத்தன நாளு இந்தப் பொட்டியப் போய்ச் சந்தேகப்பட்டேன்” என்றான். கோங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிதாரைத் திரும்பச் சுற்றத் துணியை எடுத்தவளைத் தடுத்து, “வீட்ல தொங்கி என்ன பண்ணப்போவுது? ரிஷோத் வச்சுக்கட்டும். அவன் கையில விரல் இருக்கு” என்றான்.

நான் கேட்கவில்லை. அவனாகக் கொடுத்தான்.

அந்த வாரமே பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். கல்கத்தாச் சுருள்களைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜப்பான் பிக்கப்புகளை அவற்றின் பழைய இடத்திலேயே வைத்துப் பற்றவைத்தேன். அதைத்தான் மூப்பரே, நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிறீர்கள். முதல்நாள் கோயிலில் வாசித்தபோது கிட்போர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். முடிந்ததும் மேடைக்கு வந்து, இடது கையால் கம்பிகளைத் தொட்டுப் பார்த்தான். கன்னம் நனைந்திருந்தது.

“கேட்டியா?” என்றான். “பொட்டில ஒரு குறையும் இல்ல. அன்னிக்கே நீ சொன்ன.”

நான் தலையை அசைத்தேன். நன்றாக இருக்கிற ஒருவன் மனதை மறுத்துப் பேசி நோகடிப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான்: அதில் இருப்பவை அதனுடைய சொந்தப் பிக்கப்புகள். எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இனி யாருக்கும் நான் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை.