பையோடு ஓடியவன்

ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. முதல் சத்தம் தெற்கே. நாலு எண்ணுவதற்குள் இரண்டாவது. கிட்ட. மூன்றாவதுக்கு யன்னல் அதிர்கிறது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆனாலும் வீட்டு வளவின் பின்பக்கத்துக்குப் பறக்கிறேன். அங்கேதான் பதுங்குகுழி. பாய்கிறேன். குழி இல்லை. சண்டை முடிந்ததும் அதை மூடி வாழை நட்டவனே நான்தான்.

"பிள்ளையை விட்டிட்டு எங்கையப்பா ஓடுறியள்?" மனைவியின் குரல்.

நெஞ்சோடு எதையோ அணைத்திருக்கிறேன். குனிந்து பார்க்கிறேன். பை. பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதிப் பத்திரம். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில், ஓடும்போது தூக்கவென்று, வீட்டுக்கொரு பை கதவடியில் தொங்கும். எங்கள் வீட்டில் இன்றும் தொங்குகிறது.

பிள்ளை வீட்டுக்குள்.

மதுரா. ஆறு வயது. தாய் தகப்பன் இல்லை. ஒரு மாதமாக எங்களோடு இருக்கிறாள். அவளை எங்களிடம் வளர்க்க விடலாமா என்று பார்க்கச் சிறுவர் அலுவலர் அம்மா ஒருவர் வந்திருந்தார். ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வாயெடுத்தேன். அப்போதுதான் முதல் சத்தம். செயல்முறை விளக்கமே கொடுத்துவிட்டேன்.

சேற்றோடு உள்ளே வந்தேன். மதுரா யன்னலடியில் நின்றாள். பக்கத்து ஒழுங்கையில் பிரேதம் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, உது செத்தவீட்டு வெடி. உதுக்கோ ஓடினனீங்கள்?"

அலுவலர் எழுதிக்கொண்டிருந்தார். சமாளிக்க ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் நடந்ததைச் சொன்னேன். எனக்குப் பதின்மூன்று வயது. ஷெல் விழுகிறது. தகப்பனார் ஒரு கையில் பையைத் தருகிறார். மறு கையில் தங்கச்சியை. ஓடுகிறோம். மூன்றாவது ஷெல். பையைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

மனைவிக்கே அன்றுதான் இது தெரியவந்தது.

அலுவலர் பேனையை மூடினார். இங்கே இருக்கப் பயமா, வேறு இடம் பார்ப்பதா என்று மதுராவைக் கேட்டார். அவள் அலுவலரிடம் திரும்பினாள்.

"அடுத்தமுறை என்னைத் தூக்குவாரோ எண்டு கேளுங்கோ."

ஓம் என்றேன். அலுவலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார். அப்போதும் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"வாற செவ்வாய் திரும்ப வாறன். அதுவரைக்கும் பிள்ளை இஞ்சை நிக்கட்டும்."

இழந்தவை: வாழைக்குட்டி இரண்டு. வலது செருப்பு. அலுவலர் முன்னால் இருந்த கொஞ்ச மரியாதை.

இழந்தவர்: தங்கச்சி. வயது ஐந்து. அவளுடைய பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது.

மதுரா. வயது ஆறு. இருக்கிறாள். செவ்வாய் வரை.