உள்ள வரும்போதும் கத்துச்சாமே

...இல்லம்மா, நான் போலீஸ் இல்ல. கேட்டு ரிப்பேர் பாக்க வந்தவ. கடை வாசல்ல ரெண்டு பக்கமும் நட்டு வெச்சிருக்காங்களே, அந்த அலாரம் கேட்டு, அது எங்க கம்பெனியோடது. முதல்ல கண்ணத் தொடைங்க. மேடம் எல்லாம் வேணாம், அக்கான்னே கூப்பிடுங்க.

மூணு நாளா சாயங்காலம் நீங்க வெளிய போகும்போது மட்டும் கத்துதுன்னு மேனேஜர் சொன்னார். பையைக் கொட்டிப் பாத்தாங்களா? யாரு, பில் போடுற பொண்ணா? தினம் உங்ககூட உக்காந்து சாப்பிடுறவ, உங்க டப்பாவத் திறந்து சோத்தக் கிளறிப் பாத்தாளா! நல்ல சிநேகிதி போங்க.

என்னது, காலையில உள்ள வரும்போதும் கத்துச்சா? அப்ப கத்தினா கேட்டுக் கோளாறு, சாயங்காலம் கத்தினா நீங்க திருடி. உங்க மேனேஜர் மூளையக் கண்ணாடிப் பெட்டியில வெச்சு பூட்டணும். எந்தத் திருடியாவது எடுத்துட்டுப் போனத மறுநாள் திருப்பிக் கொண்டு வருவாளா?

அந்த ஷூவக் கழட்டுங்க. ம், வலது கால். இந்த மெஷின்கிட்ட வெக்கிறேன்... பாத்தீங்களா, லைட்டு எரியுது. உள் அட்டையத் தூக்கினா, இந்தா. சதுரமா ஸ்டிக்கர் மாதிரி இருக்குல்ல, திருட்டுப் போகாம இருக்கக் கடைக்காரங்க ஒட்டுற இந்த டேக்குதான் உங்களத் திருடியாக்கினது.

இதுல பேட்டரி கிடையாதும்மா. கம்பியச் சுத்திச் சுத்திப் போட்ட காயில் ஒண்ணு, கெப்பாசிட்டர் ஒண்ணு, ரெண்டே பேர்தான். கேட்டுலேருந்து வர்ற அலைதான் இதுக்குச் சக்தி குடுக்குது. சூடான பால ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி ஆத்துவோமே, அந்த மாதிரின்னு வெச்சுக்குங்க. கெப்பாசிட்டர் ரொம்பினதும் காயில் பக்கம் ஊத்தும். காயிலாவது சும்மா வெச்சுக்குமா? அதுவும் திருப்பி ஊத்தும். ஒரு நொடியில லட்சக்கணக்கான தடவ. ஒவ்வொரு ஊத்துக்கும் கொஞ்சம் சூடு போயிடும், ஆனா அடங்கறதுக்குள்ள கேட்டு மோப்பம் பிடிச்சிடும்.

பில் போடும்போதே இதக் கொன்னுடணும். கவுண்டர் மெஷின்ல வெச்சு பலமா ஒரு அலை அடிச்சா, கெப்பாசிட்டருக்குள்ள ரெண்டு தகடும் ஒரு ஊசிமுனை இடத்துல ஒட்டிக்கும். டம்ளர் ஓட்டையான மாதிரி. அப்புறம் எங்க ஆத்துறது? ஆனா சிலது நல்லா சாகாது. நடக்க நடக்க வளைஞ்சு, ஒட்டினது விட்டுப்போயி, திரும்ப உசுரு வந்துடும். முடிஞ்சு போச்சுன்னு நம்பிட்டு நாம பாட்டுக்கு அது மேலயே நடந்துட்டிருப்போம்.

இது உங்க கடை டேக்கே இல்ல. பாலத்துக்குக் கீழ இருக்குற ஷூ கடையோடது. அங்கயும் கேட்டு நான்தான் பாக்குறேன். இதத்தான் மேனேஜர்கிட்ட சொல்லப்போறேன். எழுதியும் குடுத்துடுறேன், நாளைக்குத் தலை நிமிந்து வேலைக்கு வாங்க.

நீங்க வாங்கினதா? பரிசா! கட்டிக்கப் போறவரா, சரி சரி. மருந்து கம்பெனியில... ஊர் ஊராப் போற வேலை. நல்லா சிரிக்க வைப்பாரா. ஆமா, அந்த மாதிரி ஆளுங்க சிரிக்க வைப்பாங்க.

ஒரு ஜோடி வாங்கினா ஒரு ஜோடி இலவசம்னு அந்தக் கடையில போன மாசம் போட்டிருந்தாங்க. இன்னொண்ணு யாருக்குக் குடுத்தாராம்? அம்மாவுக்கா.

அவங்க எழுந்து நடந்தே ரெண்டு வருஷம் ஆச்சும்மா. மாமியாரக் குளிப்பாட்டி விடுறதே நான்தான்.

உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல. உங்க மேல எனக்கென்ன கோவம்? உங்களுக்குத் தெரியாதுன்னு மூஞ்சியிலயே தெரியுது. விரல் கடிக்குதா அந்த ஷூ? கடிக்கும், அது ஆறாம் நம்பர், என் அளவு. எனக்குக் குடுத்தது கழண்டு கழண்டு வருது, முன்னால துணி அடைச்சுத்தான் போட்டுட்டிருக்கேன். டப்பா மாறிப்போச்சு, பாவம், அவசரம் அவருக்கு.

இந்தத் தடவ ஊர்லேருந்து எப்ப வர்றேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கார்? சனிக்கிழமை காலையிலயா.

என்கிட்ட திங்கக்கிழமைன்னு சொல்லியிருக்கார்.