கூரை அறுத்த கத்தி

எரிகிறது. முதலில் பிடித்தது ஓரத்து வீடு. அதன் கூரை நான் கட்டியது. அடுத்தது பிடிக்கிறது. அதுவும் நான் கட்டியது. மூங்கில், கயிறு, தார்ப்பாய், மேலே பிளாஸ்டிக் விரிப்பு. இந்தச் சந்தில் என் கை படாத கூரை கிடையாது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒற்றை லுங்கியோடு டெல்லிக்கு வந்தவன் நான். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. சாக்கடை நாலாவின் கரையில், பன்றி மேய்ந்த இடத்தில், கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கினேன். குடிசை போட்டேன். அடிகுழாய் இறக்கினேன். மாரியம்மனுக்குச் சுவர் எழுப்பினேன். கல்யாணப் பந்தல் கட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரி ஆனேன். எவன் தயவும் இல்லை. அத்தனையும் இப்போது எரிகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. மே மாதம். காலை பத்து மணி இருக்கும். லூ காற்று. வாயைத் திறந்தால் நாக்கு காய்கிற காற்று.

டம்.

முதல் சிலிண்டர்.

"ஆக் லகி! தீ! ஓடுங்க!"

ஆண்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்குப் பந்தல் வேலை இல்லை. பெண்கள் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குள். கதவுகள் வெளியிலிருந்து கட்டியிருக்கின்றன.

இதை வெளியாள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சந்தில் கதவுக்குப் பூட்டுப் போட மாட்டோம். பூட்டுத் தொங்கினால் உள்ளே ஏதோ இருக்கிறதென்று திருடன் வருவான். கயிறு கட்டியிருந்தால் ஒன்றுமில்லாத வீடு என்று போய்விடுவான். பிள்ளைகளும் நாலாவில் விழ மாட்டார்கள். அதனால் தாய்மார்கள் நைலான் கயிற்றை இறுக்கி முடிந்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அந்த வெக்கையில் முடிச்செல்லாம் இளகி ஒட்டிக்கொண்டது. விரலால் பிரிக்க முடியாது.

என் இடுப்பில் கத்தி இருந்தது.

நான்கு விரல் நீள அலகு. மடக்குக் கத்தி அல்ல. பட்டறையில் கழித்துப் போட்ட இரும்பு அறுக்கும் ரம்பத்தை வாங்கி நானே தேய்த்துச் செய்தது. பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருந்தேன். உறை பழைய செருப்புத் தோல். எப்போதும் முதுகுப் பக்கம்தான் செருகுவேன். முன்னால் இருந்தால் மூங்கில் ஏறும்போது வயிற்றில் குத்தும். தினமும் சிவப்பு மணற்கல் துண்டில் தண்ணீர் விட்டுத் தீட்டுவேன். டெல்லியில் பாதிக் கட்டடம் அந்தக் கல்தான். உடைந்தது எங்கும் கிடக்கும். சவரக்கத்தி போல வழவழப்பாகத் தீட்டக்கூடாது. கயிற்றில் வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பு நிற்க வேண்டும். அது நாரைக் கவ்வி அறுக்கும். என்னிடம் வேலை பார்த்தவர்கள் பளபளவென்று தீட்டிவிட்டுக் கயிற்றோடு மல்லுக்கட்டுவார்கள். எனக்கு ஒரே இழுப்பு.

அறுக்கிறேன். கதவை உதைக்கிறேன். பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்த கதவு. அறுக்கிறேன். "பாகோ! குழாய்ப் பக்கம் ஓடு!" மேலேயிருந்து பிளாஸ்டிக் சொட்டுகிறது. எரிந்துகொண்டே சொட்டுகிறது. என் தோளில் விழுந்தது. தட்டிவிட்டேன். தோலோடு வந்தது.

டம்.

ஒரு காது அடைத்துப்போனது. இன்றுவரை திறக்கவில்லை.

வள்ளி வீடு. அவளும் பங்களா வேலைக்குப் போயிருந்தாள். கதவில் சங்கிலி. பூட்டு. போன வாரம்தான் டிவி வாங்கியிருந்தாள். அதற்காகப் போட்ட பூட்டு.

கத்தி சங்கிலியை என்ன செய்யும்? சுவரில் ஏறினேன். கூரைக் கயிற்றை அறுத்தேன். விரிப்பைக் கிழித்தேன். உள்ளே கரும்புகை. அவள் பையன் கையை நீட்டினான். இழுத்தேன். வந்துவிட்டான்.

"தங்கச்சி எங்கடா?"

"கட்டிலு கீழ பூந்துக்கினா மாமா. கூப்டா வர மாட்டேங்குறா."

"செல்வி! வெளிய வாடி! செல்வி!"

பதில் இல்லை. நான் உள்ளே இறங்கவில்லை. இறங்கியிருந்தால் சுவர் மேல் இருந்த பையனும் போயிருப்பான். நானும் போயிருப்பேன். பின்னால் நடந்தது எதுவும் நடந்திருக்காது. இதற்கு நான் எவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

தீ கூரைக்குக் கூரை தாவுகிறது. கதவு கதவாக ஓடினால் தீதான் ஜெயிக்கும். நடுவில் வெட்டவெளி வேண்டும். வள்ளி வீட்டுக்குக் கிழக்கே இன்னும் பிடிக்காத ஐந்து வீடுகள். ஆட்களை வெளியேற்றினேன். கூரைகளை அறுக்க ஆரம்பித்தேன். எந்தக் கயிறு போனால் கூரை சாயும் என்பது கட்டினவனுக்குத்தான் தெரியும். விழுந்ததையெல்லாம் இருந்தவர்கள் இழுத்து நாலாவில் தள்ளினார்கள். மூன்றாவது வீடு என்னுடையது. அதையும் அறுத்தேன்.

ஐந்தாவது முருகேசன் வீடு. கிழவர். காலில்லாதவர் மாதிரி எந்நேரமும் கட்டிலில் கிடப்பவர். அன்றைக்கு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"எரியாத வூட்ட ஏன்டா அறுக்குற? பைத்தியமாடா ஒனக்கு?"

"கைய எடுய்யா! இல்லாட்டி ஒன்னையும் சேத்து அறுத்துடுவேன்!"

எடுத்தார். கூரை விழுந்தது. தீ அங்கே வந்தது. பிடிக்க ஒன்றுமில்லை. நின்றது.

தண்ணீர் வண்டி அப்புறம்தான் வந்தது. சந்துக்குள் நுழையவில்லை. வள்ளியும் அப்புறம்தான் வந்தாள். புகையைப் பார்த்து அவள் கிளம்பியபோது, வீட்டுக்கார அம்மா பாத்திரத்தை முடித்துவிட்டுப் போகச் சொன்னாளாம். முடித்துவிட்டு வந்தாள். கைகளில் சோப்புத் தூள் காய்ந்திருந்தது. கட்டில் இரும்பு. அது அப்படியே இருந்தது. கீழே கிடந்ததை ஒரு சேலையில் கட்டினார்கள். சின்ன மூட்டை.

என்னைப் பார்த்தாள். "எல்லார் கதவையும் தெறந்த இல்ல மாமா?" அவ்வளவுதான் கேட்டாள்.

போலீஸ்காரன் என் முதுகில் கத்தியைப் பார்த்தான்.

"சாகூ லேகே கூம்தா ஹை?" கத்தியோடு சுற்றுகிறாயா என்றான்.

"கயிறு அறுக்குறது சாப். ரஸ்ஸி காட்னே கா."

அறைந்தான். கேட்கிற காதில். வெந்த தோளோடு அன்றிரவு லாக்கப். கத்தி திரும்பி வரவில்லை.

நான் உள்ளே இருந்தபோது எங்கள் குடிசைக் கேம்பின் தலைவர், பிரதான் என்பார்கள், கேமராக்காரர்கள் முன்னால் நின்றிருக்கிறார். கூரைகளை இறக்கச் சொன்னது தான்தான் என்று சொல்லியிருக்கிறார். தீப்பிடித்தபோது அந்த ஆள் கேம்பிலேயே இல்லை. பிறகு சர்க்கார் ஆட்கள் கணக்கெடுக்க வந்தார்கள். எரிந்த வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே மனை. எங்கள் ஐந்து வீட்டையும் ஒருவன் பார்த்தான். "யே ஜலா நஹீ. இது எரியல, அறுத்தது" என்றான். தாண்டிப் போய்விட்டான். ஐந்து குடும்பத்துக்கும் ஒன்றுமில்லை. மனை கிடைக்காத மற்றவர்கள் என் முகத்துக்கு நேரே துப்பினார்கள். நான் காப்பாற்றிய வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷக் குளிரில் முருகேசன் பாலத்தடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்புக்குள் விறைத்துக் கிடந்தார். என்னோடு கடைசிவரை பேசவில்லை.

எரிந்த வீடு பத்தொன்பது. அறுத்த வீடு ஐந்து. தீயில் செத்தது செல்வி, வயது நான்கு. ஓரத்து வீட்டுத் தாயும் கைக்குழந்தையும். குளிரில் செத்தது முருகேசன். அவரை எவரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். எனக்குப் போனது வீடு, ஒரு காது, கத்தி.

எழுதத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன். தீயை நிறுத்தியது பிரதான் இல்லை. தண்ணீர் வண்டி இல்லை. அறுத்த வீடும் தீயில் போன வீடுதான் என்று எழுதுங்கள். அறுத்தவன் மாரிமுத்து என்று எழுதுங்கள். செல்வியை விட்டுவிட்டு வந்தவன் என்றும் எழுதுவீர்களானால் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் பெயரைப் போடுங்கள்.