ஒன்பது மாமா

“ஏன்டி, உன் போன் திரையில ‘மாமா ஏழு’ன்னு வருது? உனக்கு மொத்தம் எத்தன மாமாடி?”

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இருந்த இரண்டு இளம்பெண்களில் ஒருத்தி கேட்டாள். போன்காரி அதை எடுக்காமல் அமுக்கினாள்.

“ஒன்பது. எல்லாம் கடன் ஆப்புக்காரங்க நம்பர்டி. அம்மா பாத்தாலும் தெரியக்கூடாதுன்னு மாமான்னு போட்டுவச்சிருக்கேன்.”

“ஒன்பது மாமா இருக்காக, ஒருத்தருகூடவா உனக்குச் சீர் செய்யல?”

“நாந்தான்டி மாசாமாசம் அவுகளுக்குச் சீர் செய்யுறேன். சம்பளம் பத்தல. ஒரு மாமாவுக்குக் கட்ட இன்னொரு மாமாகிட்ட வாங்குறேன்.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சின்னமனூர் தாண்டியதும் போன் மறுபடி அடித்தது. “இது அசல் அம்மாடி” என்று தோழியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏன்டி, எனக்குக் கூடப்பொறந்தவன் ஒருத்தன்தான். உன் போன்ல ஒன்பது மாமா கெடக்குறத நேத்தே பாத்துட்டேன். இன்னைக்கு அதுல ஒருத்தன் எனக்கே போன் பண்ணிட்டான்.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றது. போன்காரி மூக்கை உறிஞ்சினாள்.

“அழாதடி. வந்து மொதல்ல சோத்தத் தின்னு. அப்புறம் என் தம்பிமாரு ஒன்பது பேரையும் வரிசையாச் சொல்லு, நான் பேசிக்கிறேன்.”