கேரியரில் ஒரு மஞ்சள் கோடு

— ஏங்க, அந்தக் கயித்தை அறுக்காதீங்க.

— அறுக்கலை. அவிழ்க்கிறேன். கையில கத்தி இருக்கா பாரு.

— அது அவ போட்ட முடிச்சு. மேஜையை இறக்கினப்போ மிச்சக் கயித்தை எல்லாம் அறுத்தீங்க, இதை மட்டும் விட்டு வெச்சீங்க. பதினோரு வருஷமா யாரும் தொட்டதில்லை.

— அதான் இப்படி இறுகிப் போயிருக்கு. ஸ்டூலை ஆடாம பிடி. நம்ம பொண்ணு போட்ட முடிச்சுக்குக் கதை சொல்ல இது நேரமில்லை.

— நம்ம பொண்ணா? அந்த வார்த்தை உங்க வாயில வந்து நாலு வருஷமாச்சு.

— வாய் தவறிடுச்சு. ஸ்பேனரை எடு. அது இல்லை, பக்கத்துல கழுத்து வளைஞ்சிருக்கே, அது.

— கார் மேல இருக்கற இந்தக் கேரியரைக் கழட்ட இப்ப என்ன அவசரம்? வண்டியே கிழமாச்சு. அது தலையில இருக்கறதை எடுத்துட்டா குமரியாகிடுமா?

— காத்தடிச்சா விசில் சத்தம் வருது. பெட்ரோலும் தின்னுது.

— பதினோரு வருஷமா அந்த விசில் கேட்கலையா?

— வயசாச்சு. இப்பதான் கேட்குது.

— ஊர்ல எல்லாருக்கும் வயசானா காது மந்தமாகும். உங்களுக்கு மட்டும் கூர்மையாகுது.

— முதல் நட்டு வந்துடுச்சு. டப்பாவுல போடு. தொலைச்சுடாதே.

— பழைய இரும்புக்குப் போடப் போற சாமானுக்கு என்ன பத்திரம்? இதுலதான் அவ மேஜையைக் கட்டிக்கிட்டு ஹாஸ்டல் போனோம். நாலு மணி நேரம், ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டினீங்க. “முடிச்சு நிக்கும்ப்பா, கையை உள்ளே எடுங்க”ன்னு வழி முழுக்கக் கெஞ்சினா.

— புதுக் கயிறு. வழுக்கும்.

— தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு ஒரு வாரம் தைலம் தேய்ச்சது நான். சரி, அந்த முடிச்சு எங்கே? கீழே போட்டுட்டீங்களா?

— சட்டைப் பையில இருக்கு. எண்ணெய் விடு, ரெண்டாவது நட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு.

— ரிஜிஸ்தர் ஆபீஸ்ல அவ கையெழுத்துப் போட்ட அன்னைக்கு போட்டோவைக் கழட்டினீங்க. அப்புறம் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தீங்க. இப்ப இது. இதுவும் போயிட்டா, அவ இந்த வீட்டுல வளர்ந்ததுக்கு எதைக் காட்டறது?

— நம்ம குடும்பத்துல பெரியவங்களைக் கேட்காம ஒரு நாற்காலியைக்கூட இடம் மாத்தினதில்லை. அவ வாழ்க்கையையே மாத்திக்கிட்டா. ஒரு வார்த்தை கேட்டாளா?

— கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பீங்களா?

— கேட்டிருக்கணும்.

— அதானே. இது என்னங்க, முன் கம்பியில மஞ்சளா ஒரு கோடு? எங்கே இடிச்சீங்க?

— எங்கேயாவது உரசியிருக்கும்.

— நாப்பது வருஷமா ஒரு கீறல் விழாம ஓட்டறவர் நீங்க. போன வாரம் நாலு டயர்லயும் காத்து இல்லைன்னு எதிர்வீட்டு வாத்தியார் கேட்டார். நாலும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே நாள்ல எப்படி இறங்கும்?

— டயர் பழசு.

— முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க. வண்டியை விக்கப் போறீங்க, அதானே? உண்மையைச் சொல்லுங்க. இல்லைன்னா ஸ்டூலை விட்டுடுவேன்.

— விழுந்துடுவேன்.

— விழுங்க. விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னுதான் சொல்லப் போறீங்க.

— விக்கலை. பிடி. வண்டி உயரம் அஞ்சடி நாலு அங்குலம். கேரியர் ஒன்பது அங்குலம். மொத்தம் ஆறடி ஒரு அங்குலம்.

— அதுக்கு?

— அந்தக் கம்பி ஆறடியிலதான் இருக்கு.

— எந்தக் கம்பி?

— கீழ்த்தள பார்க்கிங் வாசல்ல மஞ்சளும் கறுப்புமா குறுக்கே மாட்டியிருப்பாங்களே, அது. ஒரு அங்குலம் இடிக்குது. டயர்ல காத்தை இறக்கிட்டும் போய்ப் பார்த்தேன். அப்பவும் உரசுது.

— எந்தக் கட்டடத்துலங்க?

— மூணாவதும் வந்துடுச்சு. டப்பாவை நீட்டு.

— ஏங்க, கேட்கறேன்ல.

— ஏழு மாடிக் கட்டடம். ஞாயித்துக்கிழமை துணி காயப்போடற சாக்குல மாடியில நின்னு ஒரு மணி நேரம் பேசறியே, அவ சொல்லியிருப்பா.

— அங்கேயா போனீங்க? அப்பா வராம நானும் வரமாட்டேன்னு அவகிட்டச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ஞ்சு போச்சு. நீங்க என்னை விட்டுட்டுத் தனியாப் போயிருக்கீங்க.

— உள்ளே எங்கே போனேன்? ரெண்டு தடவையும் கம்பியோட திரும்பிட்டேன்.

— வாட்ச்மேன் யார் வீட்டுக்குன்னு கேட்டிருப்பாரே. என்ன சொன்னீங்க? வழி தவறிட்டேன்னா?

— அப்படித்தான் சொல்லலாம்னு இருந்தேன். அவன் கேட்கவே இல்லை. நம்பரைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், கேட்டைத் திறந்துட்டான்.

— அவ்வளவு தூரம் போயாச்சு. கம்பி இடிச்சா என்ன, வண்டியைத் தெருவோரமா நிறுத்திட்டு நடந்து போயிருக்கலாம்ல? அதுலயும் ஒரு வீம்பு.

— வீம்பு இல்லை. ஒரு நட்டுதான் பாக்கி. நீ போய் வேற துணி மாத்திட்டு வா.

— காரணத்தைச் சொல்லாம நான் நகர மாட்டேன்.

— குடிவந்த அன்னைக்கே அவ நம்ம வண்டி நம்பரை அந்த நோட்டுல எழுதிக் கொடுத்துட்டாளாம். கீழே அவ வீட்டுக்குப் பன்னிரண்டாம் நம்பர் இடம். அவங்ககிட்ட வண்டியே கிடையாதாம். வாடகைக்குக் கேட்டவங்களுக்கும் கொடுக்கலையாம். நாலு வருஷமா காலியா வெச்சிருக்கான்னு வாட்ச்மேன் சொல்றான். உள்ளே எனக்குன்னு இடம் இருக்கும்போது, பெத்தவன் எதுக்குடீ வண்டியைத் தெருவுல நிறுத்தணும்?